கேன் தண்ணீரில் வீங்கிய மீன்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பிடித்து வைத்தால் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும். அதனால் ஆசையாக வாங்கிய ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களுக்கும் கேன் தண்ணீரையே ஊற்றினேன். சில வாரங்களில் அவற்றில் மஞ்சள் நிற மீன் ஒன்று தீனியைத் துப்பியது. வயிறு பலூன்போல வீங்கிவிட்டது. பதறிப்போய் மீன் கடைக்காரரிடம் ஓடினேன்.

"இன்னாக்கா நீங்க! இதுங்களோட ஏரியே உங்க போர் தண்ணி மாதிரி சுண்ணாம்புத் தண்ணிதான். கேன் தண்ணி ஒத்துக்காது. மூணு நாள் தீனி போடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா போர் தண்ணிக்கு மாத்துங்க" என்று சொல்லி, வீக்கம் வற்ற எப்சம் உப்பும் கொடுத்தார்.

ஒரே வாரத்தில் வயிறு வற்றி, மஞ்சள் மீன் தொட்டிக் கல்லைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. தினமும் திட்டித் தீர்க்கும் தண்ணீருக்குள் ஆப்பிரிக்க ஏரியே இருந்திருக்கிறது!

இப்போது தொட்டிக்கு போர் தண்ணீர்தான். கேன் தண்ணீர் எங்களுக்கு மட்டும்.