பிடிக்காத பாலம்

எனிடுக்குக் கால் விண்விண்ணென்று தெறித்தது. ஓல்டாம் ஊரில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் ஈரப் போர்வை சுமந்து நின்ற கால்கள். ஓய்வு பெற்ற பிறகாவது உட்காரலாம் என்றால், வருஷம் தவறாமல் ஜூலையில் பிளாக்பூல் கடற்கரைக்குப் பயணம், அங்கே கடலுக்குள் நீளும் பலகைப் பாலம். ராட்டின இரைச்சலுக்கு நடுவே மழையில் நனைவதற்குப் பெயர் உல்லாசமாம்!

கூட வருபவள் நாத்தனார் ஹில்டா. எனிடின் கணவன் ரெஜ் இருந்தவரை மூவராக வந்தார்கள். அவன் போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை. எனிட் சின்ன வீட்டுக்குக் குடிமாறினாள். ஹில்டா அதே ஊர்தான், ஆனாலும் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. கூப்பிட்டால் தொந்தரவு என்று இவள், கூப்பிடாமல் போவது அழகில்லை என்று அவள். மிச்சமிருந்தது இந்தப் பாலம் ஒன்றுதான். இனி முடியாது என்று சொல்லிவிடத்தான் இந்த முறை எனிட் பஸ் ஏறினாள். சொன்னால் இருக்கிற ஒரே சொந்தமும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

வறுத்த மீன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“நல்லா இருக்கில்ல, கண்ணு?” என்றாள் ஹில்டா, குளிரில் பல் கிடுகிடுக்க.

“ரொம்ப,” என்றாள் எனிட். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கடற்பறவை பாய்ந்து அவள் மீனைப் பறித்துக்கொண்டு போனது. கூடவே பொறுமையும் போனது.

“நாசமாப் போக! எனக்கு இந்த எடம் சுத்தமாப் பிடிக்கல, ஹில்டா. என்னைக்குமே பிடிச்சதில்ல. உனக்காகத்தான் வந்தேன்.”

“அடிப்பாவி! பலகை இடுக்குல தண்ணியப் பாத்தாலே எனக்குத் தல சுத்தும். நீ தனியாயிட்டியேன்னு நான் வந்துட்டிருக்கேன்!”

“நீதானே வருஷா வருஷம் ‘போறோமில்ல?’ன்னு கேட்டே?”

“மரியாதைக்குக் கேட்டேன்டி!”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் எனிடுக்குப் பழைய பயம் திரும்பியது. இனி எதைச் சொல்லி இவளைப் பார்ப்பது?

“அடுத்த ஜூலைல என் வீட்டுக்கு வாயேன். டீ போடறேன்.”

ஹில்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“ஜூலை வரைக்கும் எதுக்கு? ஞாயித்துக்கெழம வரேன். எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு.”