அட்டையில் இல்லாத கேள்வி

எங்கள் வீட்டில் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்வது என் வேலை. மோட்டார் ரிப்பேர் ஆன நாள், அப்பாவின் திதி, கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். ஒரு தேதியை மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கள் மகள் பிறந்து அன்று மாலையே இறந்துபோன தேதி. அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் திதி கிடையாது என்று ஐயர் சொல்லிவிட்டார். பெயரும் வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் மனைவியும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மனைவி நர்ஸ். அயர்லாந்தில் வேலைக்குப் போக ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். லாஸ்பேட்டையில் கோச்சிங். அங்கே 'இஃப்' வாக்கியங்களை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நடக்கக்கூடியதற்கு ஒரு காலம், கற்பனைக்கு இன்னொன்று, நடந்து முடிந்து இனி மாற்ற முடியாததற்கு 'ஹேட்', 'வுட் ஹேவ்'. தமிழில் முதல் இரண்டுக்கும் 'மழை பெய்தால்' போதும் என்பதால் வகுப்பே அதில் தடுமாறியதாம். மூன்றாவதற்கு ஒரு சோகக் கதையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், பொய்யானாலும் பரவாயில்லை என்று சொல்லித் தந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லித்தோப்பு வீட்டுக் கூடத்தில் நான்தான் தேர்வாளர். கேள்வி அட்டைகளை வாசிப்பேன்.

"எக்ஸாமினர் சார் லுங்கியில வந்திருக்காரு."

"கேண்டிடேட்டு மட்டும் என்னவாம், மடியில முருங்கைக்கீரை."

மாற்ற விரும்பும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள் என்றது அட்டை. கீரையை ஆய்ந்தபடியே அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். என் குழந்தை பிழைத்திருந்தால் இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்திருப்பாள். காலையில் ஷூ போட மறுத்திருப்பாள். தலை வார உட்கார்ந்திருக்க மாட்டாள். ஒவ்வொரு வினையும் சரியாக இருந்தது. தெருவில் வீராம்பட்டினத்து மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார்.

"தப்பு இருக்கா?"

"இல்ல. இதத்தான் அங்க சொல்லப் போறியா?"

"வேற கதை எதுவும் அமையலைங்க. பஸ்ல வரும்போதுலாம் சொல்லிப் பாத்துட்டேன். அழுகை வரல."

எனக்கும் வரவில்லை. அடுத்த அட்டை பிடித்த பண்டிகையைப் பற்றியது. அதை வாசிக்காமல், அட்டையில் இல்லாத ஒன்றை ஆங்கிலத்திலேயே கேட்டேன். தமிழில் என்னால் கேட்டிருக்க முடியாது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருப்பீர்கள்?

அவள் கை நின்றது. பிறகு முழு வாக்கியமாக, 'வுட் ஹேவ்' விடாமல் பதில் சொன்னாள்.

நான் நினைத்திருந்த பெயர் அல்ல.

"நல்லாருக்கு," என்றேன். அந்தத் தேதியோடு அதையும் வைத்துக்கொண்டேன். அவள் கீரையை அலச எழுந்து போனாள்.