அறுப்பின் பண்டிகை ஏலமும் என் வீட்டுக்காரரின் பிரஷரும்

மைக்கில் சாட்சி சொல்ல எழுந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தருகிறேன். வாசிக்கிற உங்கள் எல்லார் வீட்டிலும் ஆண்டவருடைய சமாதானம் தங்கட்டும்.

என் பெயர் செல்வராணி. ஊர் கடம்பூருக்குப் பக்கம். என் கணவர் தங்கையா ஆட்டு வியாபாரி. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் குடும்பத்தில் இடி விழுந்தது. அவருடைய அண்ணன், சந்தையில் ஒரு கிடாவுக்கு விலை பேசிக்கொண்டு நின்றவர், நின்ற இடத்திலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பிரஷர் கூடி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிரஷர் இருந்ததே அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அன்று பிடித்த பயம் என்னை விடவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே உடல்வாகு, ஒரே முன்கோபம். சாப்பிட உட்கார்ந்ததும் இலை ஓரத்தில் உப்பைக் குவித்துக்கொள்ளும் பழக்கமும் ஒன்றே. மத்தியானம் அவர் கண்ணயரும்போது குறட்டை நின்றால் போதும், ஓடிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். அவர் தும்மிக்கொண்டு எழுந்து என்னைத் திட்டுவார்.

“வாங்க, ஒருக்கா கோவில்பட்டிக்குப் போயி உடம்பைப் பாத்துட்டு வந்திருவோம்” என்று கெஞ்சுவேன்.

“எனக்கென்னட்டி? நான் நல்லாத்தான் இருக்கேன். நல்லா இருக்கவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா நோயாளியாத்தான் திரும்புவான்” என்பார்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே மனிதர் ஆடு வாங்கும்போது வாயைப் பிளந்து பல் பார்ப்பார். இமையைப் புரட்டி ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார். மழைக்காலம் தொடங்குமுன் துள்ளுமாரி நோய் வராதபடி ஓர் ஆடு விடாமல் தடுப்பூசி போட்டுவிடுவார். “வந்த பொறவு வைத்தியம் பாத்தா ஆடு மிஞ்சாதுவே” என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்வார். அந்தப் புத்தி உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டால், “ஆடு வாயில்லா ஜீவன். எனக்கு வாய் இருக்குல்லா? நோவு வந்தா சொல்ல மாட்டேனா?” என்பார்.

“உங்க அண்ணனுக்கும் வாய் இருந்திச்சே” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன்பின் நான் மனிதரிடம் பேசுவதை விட்டு ஆண்டவரிடம் பேசினேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். “இவருடைய பிடிவாதத்தை உடைத்துப்போடும், குணத்தை மாற்றும்” என்று அழுது ஜெபிப்பேன். குணம் மாறவில்லை. புளியமரம் போல வைரம் பாய்ந்துகொண்டே போனது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். மாசி மாதம், உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்த சமயம், எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலின் முதற்பலனைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம். ஆராதனை முடிந்ததும், சபையை நடத்தும் உபதேசியார் அவற்றை ஏலம் விடுவார். யார் பேரைச் சொல்லி ஏலம் முடிகிறதோ பொருள் அவருக்குத்தான். திருப்பிக் கொடுக்கக் கூடாது, அடுத்தவர் தலையில் கட்டவும் கூடாது. அது எங்கள் சபையின் கட்டுப்பாடு.

என் கணவரும் பலசரக்குக்கடை பொன்னுத்துரை அண்ணாச்சியும் இந்த ஏலத்தில் பரம எதிரிகள். முந்தின வருஷம் இருவரும் மோதியதில் ஒரு பூசணிக்காய் ஆட்டு விலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. அது தீரும்வரை, “ருசியைப் பாத்தியா?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே தின்றார்.

அந்த வருஷம் கோழி, வத்தல், கம்பு எல்லாம் ஏலம் போன பிறகு டாக்டர் கிரேஸ் எழுந்தாள். எங்கள் ஊர் வாத்தியார் மகள், கோவில்பட்டியில் வைத்தியம் பார்க்கிறவள். “எனக்குப் புஞ்சையும் கிடையாது, ஆடும் கிடையாது. என் வேலையிலதான் முதற்பலன் தர முடியும். ஒரு ஆளுக்கு முழு உடம்பும் பரிசோதனை செஞ்சு தாரேன். ஏலம் விடுங்க” என்றாள்.

உபதேசியார் கூவிப் பார்த்தார். எல்லாரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தோம். அப்போது பொன்னுத்துரை அண்ணாச்சி ஒரு விலையைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்: “நம்ம தங்கையா இதைக் கேக்க மாட்டாரு. அவருக்கு ஊசின்னா பயம்லா!”

என் கணவர் துள்ளி எழுந்தார். “எவன்வே பயந்தான்? என் பேருக்குக் கேளும் உபதேசியாரே!”

அண்ணாச்சி ஏற்றினார். இவர் அதற்கு மேல் ஏற்றினார். இருவருக்குமே வேண்டாத பொருளுக்கு அப்படியொரு போட்டியை நான் பார்த்ததில்லை. திடீரென்று அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு மேற்கூரையைப் பார்க்கத் தொடங்கினார். “தங்கையா பேருக்கு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” மணி அடித்தது. வெற்றிச் சிரிப்போடு கையைத் தூக்கிய என் கணவருக்கு, தூக்கிய கையோடுதான் எதை ஜெயித்தோம் என்பது உறைத்தது. பெண்கள் பக்கத்துப் பாயில் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சிரித்தேன்.

கடைசி முயற்சியாக டாக்டரிடமே போய், “தாயி, இதை என் கிடாவுக்குப் பாக்க முடியுமா?” என்று கேட்டார்.

“மணி அடிச்சது உங்க பேருக்குல்லா, மாமா” என்றாள் அவள்.

போனோம். டாக்டர் ஒரு கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். அடுத்த கையிலும் பார்த்தாள். “மாமா, உங்க அண்ணன் போன வழியிலதான் நீங்களும் போறீங்க. ஆனா பாதியிலயே கண்டுபிடிச்சாச்சு. இனி பயமில்லை” என்றாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், ஊரார் முன் என் பக்கத்தில் நடக்கவே கூச்சப்படுகிற மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க அண்ணனுக்கு இப்படி யாரும் ஏலம் விடலையேட்டி” என்றார்.

அன்றிலிருந்து ஒரு நாளும் மாத்திரை தவறியதில்லை. இலையில் உப்புக் குவியல் போயிற்று. ஆனால் வாய் போகவில்லை. தினமும் அண்ணாச்சி கடைக்குப் போய், “என் பிரஷர் எனக்குத் தெரியும். உம்ம பிரஷர் உமக்குத் தெரியுமாவே?” என்று கேட்பார். அவமானம் தாங்காமல் அண்ணாச்சியும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. நல்ல வேளை, ஆரம்பத்திலேயே தெரிந்தது.

அடுத்த பண்டிகைக்கு முந்தின வாரம், அடுப்படியில் எனக்குத் தலை சுற்றியது. என் கணவர் என்னை உட்காரவைத்து, ஆட்டுக்குப் பார்ப்பது போலவே என் கண்ணிமையைப் புரட்டினார்.

“வெளுத்துக் கெடக்குட்டி. டாக்டர்ட்ட காட்டணும்.”

“எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்கு உறைத்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த வருஷமும் டாக்டர் அதே காணிக்கையைத் தந்தாள். உபதேசியார் வாய் திறக்குமுன் என் கணவர், “என் வீட்டுக்காரி செல்வராணி பேருக்கு!” என்று கத்தினார். பொன்னுத்துரை அண்ணாச்சி பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டு, “தங்கச்சி பேருக்கா? அப்ப நான் விட்டேன்வே” என்று இறக்கிக்கொண்டார். மணி அடித்தது. எனக்கு ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. மாத்திரையும் முருங்கைக்கீரையும் என்னைத் தேற்றின.

பிரியமானவர்களே, அவர் குணத்தை மாற்றும்படி நான் வருஷக்கணக்காக ஜெபித்தேன். ஆண்டவர் அந்தக் குணத்தையே கயிறாகப் பிடித்து அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். நீங்களும் நம்பி ஜெபியுங்கள். ஆனால், “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று உங்கள் வாயில் வருகிற அன்றைக்கே டாக்டரிடம் போய்க் கையை நீட்டுங்கள். சபை ஏலம் உங்கள் பேருக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எழுதி முடித்ததை அவரிடம் வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சரி, பூசணிக்காய் ருசியா இருந்ததை எழுதலையே” என்றார். அதைச் சொல்ல அவரை உயிரோடு வைத்திருக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.