ஸ்டிக்கர் மேல் வைத்த பொட்டு

என் மகளின் கல்யாண வேலைகள் எல்லாம் அவள் அம்மாவின் கைக்குப் போய்விட்டன. மண்டபம், சாப்பாடு, மேளம், ஐயர், எல்லாமே சுங்கை பூலோவிலிருந்து நடந்தன. அங்கேதான் என் மனைவி தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். கிள்ளானில் தனியாக இருக்கும் எனக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு வேலை. விருந்தன்று திரையில் ஓடவிட மகளின் சின்ன வயதுப் படங்கள் வேண்டும். அவை என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன.

"அது ஒண்ணு மட்டும் செஞ்சு கொடுங்கப்பா, போதும்" என்றாள் மகள். அந்தப் 'போதும்' எனக்கு நன்றாகவே கேட்டது.

"கவலைப்படாதே லா. அப்பா யாரு?" என்றேன்.

யார் என்பதை மறுநாள் காலையே கம்ப்யூட்டர் காட்டிவிட்டது. விண்டோஸ் வரவில்லை. ஏதோ கோப்பு கெட்டுவிட்டது என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி மட்டும் வந்தது. அணைத்துப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். பெட்டியின் மண்டையில் தட்டினேன். பிறகு தட்டியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் தடவியும் கொடுத்தேன். விபூதி பூசிக்கொண்டு வந்து இன்னொரு தடவை அழுத்தினேன். பாவம், சூடாகியிருக்குமோ என்று அதற்காக ஏர்கோன் போட்டேன். பனியனோடு மேசைக்கடியில் நான் மண்டியிட்டிருந்த கோலத்தைப் பக்கத்து வீட்டு ஆன்டி பார்த்திருந்தால், இந்த மனுஷன் இந்த வயதில் யோகா ஆரம்பித்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வந்து சில வருடங்கள் ஆனவர். கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த கறுப்புத் திரையை, எக்ஸ்ரே காட்டுவதுபோல் அவரிடம் காட்டினேன்.

"விண்டோஸ் கெட்டுப்போச்சுண்ணே. திரும்பப் போடணும்" என்றார்.

"உள்ள இருக்கிற போட்டோ?"

"சி டிரைவ்ல வச்சீங்களா, டியிலயா?"

"என் வைஃப் போட்டு வச்சது. டின்னு நினைக்கிறேன்."

"சிய மட்டும் அழிங்க. டியத் தொட்டீங்கன்னா அம்புட்டும் போச்சு. பேசாம பொட்டிய இங்க கொண்டாந்துருங்களேன்."

எனக்குக் கிடைத்ததே ஒரு வேலை. அதையும் இன்னொருவர் கையில் கொடுப்பதா? "நானே பாத்துக்குறேன் பாஸ்" என்றேன். விண்டோஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். "கீ கேக்கும்ணே. நம்பரு பொட்டி மேல ஸ்டிக்கர்ல இருக்கும்."

இருந்தது. அதன் மேல் பொட்டும் இருந்தது.

ஆயுத பூஜை வந்தால் என் மனைவி வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கமாட்டாள். கார், மிக்சி, வாஷிங் மெஷின், டிவி ரிமோட், ஒரு வருடம் என் மூக்குக் கண்ணாடி. கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று தெரியாமல், பக்கவாட்டில் பளபளத்துக்கொண்டிருந்த அந்த ஸ்டிக்கரையே நெற்றியாக்கிவிட்டாள். வருடா வருடம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. சந்தனம், அதன் மேல் குங்குமம். காய்ந்து, கெட்டியாகி, சுவரில் பூசிய சிமெண்டுபோல் நின்றது.

கடைசி அடுக்கு அவள் வீட்டை விட்டுப் போன வருடத்துடையது. பொரியும் கடலையும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். அதில் பாதியைத்தான் செய்தாள்.

மிக்சியை அவள் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டாள். காரை நான் விற்றுவிட்டேன். வாஷிங் மெஷின் தானாகவே செத்தது. பொட்டு அழியாமல் மிச்சம் இது ஒன்றுதான். தூசி துடைக்கும்போதெல்லாம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். யாராவது கேட்டால், "தொட்டா சாமி குத்தம்" என்பேன். சாமியோடு எனக்கு அவ்வளவு நெருக்கம் கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால் குங்குமத்தில் அவள் விரலின் ரேகை தெரியும்.

பென்டிரைவைச் செருகியதும் திரை கீ கேட்டது. ஈரத்துணியும் கையுமாக நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மகளின் படங்கள். வெளியே இது. திரையில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி அவசரப்படுத்தியது. துடைத்தேன்.

முதலில் குங்குமம் கரைந்து துணியில் சிவப்பாக ஓடியது. சந்தனம் இளகவில்லை. நகத்தால் சுரண்டினேன். அது பெயர்ந்து வந்தது, அடியிலிருந்த எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு. மிஞ்சியவை முதல் ஐந்து எழுத்துகளும் கடைசியில் ஒரு எட்டும். அது பி ஆகவும் இருக்கலாம். நடுவில் வெறும் வெள்ளைத் தாள். இருந்தும் விடவில்லை. நடுவில் எனக்குத் தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தேன். லாட்டரி நம்பர் எடுப்பவன்கூட என்னைவிட நிதானமாக எடுப்பான். தவறு, தவறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

கடைக்காரருக்கு போன் போட்டேன். குரல் நடுங்கியது. சளி என்று சொல்லிவைத்தேன்.

"கீ அழிஞ்சு போச்சு பாஸ்."

"அதுக்கென்னண்ணே? கீழ பாருங்க, 'கீ இல்லை'ன்னு சின்ன எழுத்துல இருக்கும். அத அமுக்குங்க. அதுபாட்டுக்குப் போகும்."

பார்த்தேன். இருந்தது. நான் துணி நனைக்க எழுந்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானேண்ணே எல்லாத்தையும் நானே பாத்துக்குறேன்னீங்க."

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது, என்னைக் கேலி செய்வதற்கென்றே. சியை அழித்தேன். டி பத்திரமாக இருந்தது. படங்களும் இருந்தன. ஒன்றில் மகள் மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறாள். சைக்கிளுக்குப் பொட்டு வைக்கும் ஒரு கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. எல்லாவற்றையும் இன்னொரு பென்டிரைவில் ஏற்றினேன். திரையின் மூலையில், விண்டோஸை முறைப்படி பதிவு செய்யும்படி சாம்பல் எழுத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் சுபாங் ஜெயாவிலிருந்து வந்தாள். படங்களைப் பார்த்துவிட்டு, "சூப்பர்ப்பா" என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"க்ளீன் பண்ணிட்டீங்களா? நல்லதாப் போச்சு. எத்தனை வருஷத்து அழுக்கு."

"ஆமா லா. கல்யாண வீடாச்சே."

"இன்னும் கொஞ்சம் ஓரத்துல ஒட்டிட்டு இருக்கு பாருங்க." கைப்பையிலிருந்து ஈர டிஷ்யூ ஒன்றை உருவிக்கொண்டு குனிந்தாள். ஸ்டிக்கரின் விளிம்பில் நகக்கீற்று அளவுக்கு ஒரு சிவப்பு தப்பியிருந்தது.

"அதைத் தொடாதே!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. டிஷ்யூவைப் பிடித்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாரண்டி போயிடும்" என்றேன்.

"இந்தப் பொட்டிக்கா? நான் ஸ்கூல் படிக்கிறப்போ வாங்குனது. இன்னுமா வாரண்டி இருக்கு?"

"இருக்கு, இருக்கு" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. டிஷ்யூவை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.