நான் விட்டேன், சாமி விடவில்லை

நான் சிகரெட்டை விட்டது இரண்டு முறை. முதல் முறை விட்டபோது ஊரே பாராட்டியது. விட்டவன் நான் மட்டும்தான், என் மேல் வந்து போகிற முனியாண்டி விடவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆண்டுக்கொரு முறை முனியாண்டிக்குப் படையல் போடுவோம். உடுக்கை அடித்தால் சாமி என் மேல் வரும். வந்ததும் சுருட்டு கேட்கும். ஒன்றோடு முடியாது. ஆளாளுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, ஆளாளுக்குச் சுருட்டு வாங்கி வருவார்கள். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தவர் இருப்பதிலேயே தடித்ததாகப் பார்த்துக் கொண்டுவருவார். அத்தனையையும் சாமி யார் மனமும் கோணாமல் பிடிக்கும். சாமி மலையேறிய பிறகு இருமுகிறவன் நான்.

நான் முதல் முறை விட்ட வருஷம், படையல் முடிந்த மறுநாள், வேலைக்காட்டில் என் கை தானாகவே மச்சானின் சட்டைப்பைக்குப் போனது. மச்சான் என் மனைவியின் அண்ணன். கொழுந்து வெட்டும் மெஷினைச் செடி நிரைக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான்.

"விட்டுட்டேன்னு சொன்னீங்களே மாப்ள?" என்றார்.

"நான் விட்டுட்டேன்லா. சாமி ஆரம்பிச்சு வச்சிட்டாரு."

சாமி பேரைச் சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? பெட்டியை நீட்டினார். பூசாரியைக் கேட்டதற்கு, "சாமி பிடிச்சது உன் கணக்குல வராதுப்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த சாஸ்திரமெல்லாம் நுரையீரலுக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள், சரிவில் ஏறும்போது மூச்சு வரவில்லை. மெஷினில் என் பக்கப் பிடியை அப்படியே விட்டுவிட்டுச் செடிமேல் சாய்ந்துவிட்டேன். மச்சான் பாய்ந்து இன்ஜினை அணைத்திருக்காவிட்டால் கொழுந்தோடு நானும் மெஷின் பையில் விழுந்திருப்பேன். கிளினிக்கில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னும் பிடிச்சீங்கன்னா என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்லைங்க ஐயா" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதால்தான் பயமே வந்தது. வேன் பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி வீடு வரும்வரை என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் முறை நான் தனியாக விடவில்லை. எங்கள் வரிசைவீட்டு லயமே சேர்ந்து விட்டது. பிரிஞ்சாங்கில் எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து சிகரெட் விற்ற கடைக்காரர் பாய், "இனிமே உங்களுக்கு விக்கிறது பாவம்" என்றார். அதையும் கடை நிறைய ஆள் இருக்கும்போது உரக்கச் சொன்னார். மச்சான் என் கண்ணெதிரில் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். நாலு நிரை தள்ளிப் போய்ப் பிடித்துவிட்டு, வாசனை முழுவதையும் சட்டையில் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார். நானும் காற்றடிக்கும் திசை பார்த்து நின்றுகொள்வேன். லயத்துப் பெண்கள் கிராம்பு, ஏலக்காய், இஞ்சி மிட்டாய் என்று ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். வாய்க்குள் ஒரு மளிகைக் கடையே நடந்தது. வாட்சாப் குழுவில் தினமும் காலையில் ஒருத்தர், "அண்ணன் இன்னைக்கும் பிடிக்கல" என்று போடுவார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். யாராவது செத்தாலும் அதே கைகளைத்தான் போடுவார்கள்.

எரிச்சலாக இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவர்கள் இல்லாவிட்டால் நான் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

அடுத்த படையல் நெருங்கியது. கோயில் கமிட்டி கூடியது. இந்த வருஷம் சாமியை வேறு ஆள் மேல் வரச் சொல்லலாமே என்றார் ஒருவர்.

"சாமிக்கு டிரான்ஸ்ஃபர் போட நீ என்ன மேனேஜரா?" என்றார் பூசாரி.

இன்னொருவர், நல்ல எண்ணத்தில்தான், சுருட்டுக்குப் பதிலாக பேட்டரியில் புகைகிற வேப் வைக்கலாமா என்று கேட்டார். பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். முறுக்கு தீரும்வரை கூட்டம் நடந்தது. கடைசியில் சாமி விட்ட வழி என்று கலைந்தோம். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் முனியாண்டி வராத வருஷம் என்றால் ஊர் பயந்துவிடும். உடுக்கைச் சத்தம் கேட்டால் என் காலும் வீட்டில் தங்காது.

படையல் அன்று மதியமே பனி இறங்கிவிட்டது. உடுக்கை அடித்தார்கள், சாமி வந்தது. சாமி வந்தவனுக்கு எதுவும் நினைவிருக்காது என்பார்கள். கேட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். உண்மையில் எல்லாம் காதில் விழும், பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி. யாரோ என் கையில் சுருட்டை வைத்தார்கள். மச்சான் தீக்குச்சியைக் கிழித்தார். அப்போது என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்கப்பா மேலயும் நீதானே வந்த?" என்றாள்.

எனக்கு முன்னால் முனியாண்டி வந்தது என் மாமனார் மேல். அவர் போன மறு வருஷம் என் மேல் வந்தது. எல்லாரும் அதைக் கொடுப்பினை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"வருஷா வருஷம் கேட்டதெல்லாம் குடுத்தோம். அவர இருமி இருமியே எடுத்துக்கிட்ட. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்ப இவரு. இவருக்கு மூச்சு வருதான்னு நெஞ்சுல கை வச்சுப் பாத்துட்டுத்தான் நான் தெனமும் கண்ண மூடுறேன். உனக்குச் சுருட்டுதான் வேணும்னா என் மேல வா. நான் பிடிக்கிறேன். இவர விட்டுடு."

உடுக்கை நின்றுவிட்டது. நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். தீக்குச்சி மச்சானின் விரலைச் சுட்டு அணைந்தது. அவர் இன்னொன்றைக் கிழிக்கவில்லை. அவருக்கும் அது அப்பாதானே. என் மனைவி சுருட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். சும்மா நீட்டவில்லை. கொடுத்திருந்தால் பிடித்திருப்பாள்.

"வேணாம்" என்று என் வாயிலிருந்து வந்தது. "யாருக்கும் வேணாம். வெத்தல குடு, போதும்."

சாமி மனமிரங்கிவிட்டது என்று கூட்டம் முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் படையலுக்கு வெற்றிலை மட்டும்தான் என்று அங்கேயே அறிவித்தார். பேசியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அந்தக் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். சாமிக்கு என்ன பயம்?