துராந்தாவும் மயில்துத்தமும்

கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்தபோது பள்ளிக்கூட வேலையை விடச் சொன்னார்கள். "ஒரு சீசன் மட்டும் வீட்டோட இரும்மா, பெறகு பாக்கலாம்" என்றார் மாமியார். இங்கே ஒரு தீபாவளி வெடி சீசன் முடிவதற்குள் அடுத்த சீசனுக்கு ஆர்டர் வந்துவிடும். பக்கத்து விருதுநகரில் பிறந்த எனக்கு அதுகூடத் தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். வேலையை விட்ட அன்று பள்ளிக்கூட வேலியிலிருந்து ஒரு துராந்தாக் கிளையை ஒடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

துராந்தாவைப் பேர் சொன்னால் பலருக்குத் தெரியாது, பார்த்தால் தெரியும். ஊதாப் பூ. அது உதிர்ந்ததும் பூந்தியைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி சரம் சரமாக மஞ்சள் பழம். ஆனால் தின்றால் விஷம். "பழமாம், திங்கக் கூடாதாம். அதுக்கெதுக்கு இம்புட்டுத் தண்ணி?" என்பார் மாமியார். பார்க்க நன்றாயிருக்கிறதே, அது போதாதா என்று பதில் சொல்வேன், மனசுக்குள்.

எங்கள் வீட்டின் முன்பாதி கம்பெனி. வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களை உருட்டி, ஆலைகளுக்கு அனுப்புகிறோம். தெருவுக்குப் போக ஒரே வழி, பெண்கள் உட்கார்ந்து குழாய் உருட்டும் அந்த அறைதான். செருப்பை மாட்டினாலே நாலு குரல் கேட்கும்: "எங்கனக்கா கெளம்பிட்டீக?" அன்பாகத்தான் கேட்பார்கள். கடைக்கு, கோயிலுக்கு, சும்மா என்று பதில் சொல்லி அலுத்து, நாளடைவில் செருப்பு மாட்டுவதையே விட்டுவிட்டேன். பின்பக்கம் கொஞ்சம் மண்தரை, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். பள்ளிக்கூடத்துக் குச்சி அங்கே வேர்பிடித்துச் சுவருக்கு மேலே தலை நீட்டியது. எனக்கு அந்த உயரம் இல்லை.

சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு நர்சரி உண்டு. போர்டில் பார்த்துவைத்த நம்பருக்கு ஒருநாள் துணிந்து போன் போட்டேன். "வேர் பிடிச்ச துராந்தா இருந்தாக் கொண்டாங்கக்கா. திங்கக்கெழம மனுக் குடுக்க வார கூட்டத்துல நல்லாப் போகும்" என்றார் நர்சரிக்காரர். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நானே பஸ்ல கொண்டு போய்க் குடுத்துட்டு வரட்டா?"

"மொதல்ல செடி பிடிக்கட்டும். பிடிச்சாப் போயிட்டு வா" என்றார்.

எனக்கு அது போதும். திங்கள்கிழமை பஸ், ஜன்னலோர சீட், ஆமத்தூர் தாண்டியதும் அடிக்கிற காற்று, இறங்கியவுடன் எங்கே வந்தாய் என்று யாரும் கேட்காத இடத்தில் நின்று ஒரு டீ. இவ்வளவுதான் என் ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பென்சில் கனத்துக்குக் குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டினேன். அடி இலைகளை உருவிவிட்டு, நுனியில் இருந்த இலைகளைப் பாதியாக நறுக்கினேன். மணலும் தேங்காய் நார்த்தூளும் தயார். நட்டு வைக்கத்தான் ஒன்றுமில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட பெரிய குழாய்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. காகிதம்தானே, குழாயோடு மண்ணில் வைத்தாலும் மக்கிவிடும் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். எல்லாம் துளிர்த்தன. வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சுருண்டு கறுத்தன.

ஒரு குழாயைக் கிழித்துப் பார்த்தேன். வேர் விட்டிருந்தது. நடுவில் வெள்ளையாக நன்றாகத்தான் இருந்தது. காகிதத்தைத் தொட்ட நுனிகள் மட்டும் கருகிப்போயிருந்தன. காரணம் புரியாமல் அன்றைக்கெல்லாம் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை, வழக்கம்போலக் குழாய் ஒட்டும் மைதாப் பசையைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கரப்பான் அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்போம். கரைத்து வைத்த நீலத் தண்ணீரை ஊற்றப் போன கை அப்படியே நின்றது. பூச்சியைக் கொல்கிற விஷம், வேரை விட்டுவைக்குமா? தினமும் இந்தக் கையால் கலக்கியும் எனக்கு உறைக்கவில்லை. விஷத்தை விஷமென்றே நினைக்காத அளவுக்குப் பழகிப்போயிருக்கிறேன்; வேறு ஊர்க்காரி யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. நான் முழுசாக இந்த வீட்டுக்காரி ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. "என்ன பாத்துட்டே நிக்க? கட்டி தட்டிரும், கிண்டு" என்றார் மாமியார்.

கிண்டினேன். ஆனால் அன்றிலிருந்து பால் கவர்களைக் கழுவிச் சேர்த்தேன். அடியில் ஓட்டை போட்டு மறுபடியும் குச்சி நட்டேன். மழை தொடங்கியதும் ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. "பிடிச்சிருச்சு. திங்கக்கெழம போறேன்" என்றேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

திங்கள் காலை சேலையை மாற்றி, கழுவி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, செடிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. நர்சரிக்காரரேதான்.

"அண்ணாச்சி போன் பண்ணாகக்கா. இனிமே நானே வந்து ஏத்திக்கிடுதேன், நீங்க அலைய வேண்டாம்" என்றார். "ஒருநாள் நம்ம நர்சரியையும் வந்து பாருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அவளுக்கு எங்கன நேரம்?"

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து, எனக்கு நல்லது செய்துவிட்ட பெருமை. கத்தவேண்டும் போலிருந்தது. எதைச் சொல்லிக் கத்துவது? கெடுதல் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

குழாய் உருட்டுகிற அறை வழியாகச் செடிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. ஆட்டோ தெருமுனையில் திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன். திரும்பி உள்ளே வந்தபோது உருட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி என் காலைப் பார்த்துவிட்டாள்.

"எங்கனக்கா கெளம்பிட்டீக?"

"எங்கயுமில்ல" என்று செருப்பைக் கழற்றினேன்.