ரேடியோவின் சமத்துப் பிள்ளை

என் தம்பி பொண்டாட்டிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறையில் வேலை. அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடினாலும் அவள் குரல் அதற்கு மேலே கேட்கும். ஜிப் வைத்துத் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதே பட்டறையில் துணி வெட்டுகிறவள் நான். வீட்டிலும் அவள் பேச்சு, வேலையிலும் அவள் பேச்சு. என் காதுக்கு லீவே கிடையாது.

பையன் பிறந்த சில மாதத்தில், அவனைக் கூடையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். ஆரம்பத்தில் அவனும் அம்மா மாதிரிதான், மெஷின் ஓடினால் காலை உதைத்துச் சிரிப்பான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினான், வைத்த இடத்தில் கிடந்தான். "ரேடியோ பெத்த பிள்ளையா இது? சமத்துன்னா சமத்து" என்று பட்டறையே மெச்சியது. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. பெற்றவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"அண்ணி, இவன் என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறான்," என்றாள் ஒருநாள். "போன மாசம் தலை நின்னுச்சு, இப்போ தொங்குது. பால் குடிக்கும்போதே தூங்கிடறான்."

"பிள்ளைன்னா தூங்கத்தான் செய்யும், நீ வேலையப் பாரு," என்றார் மேஸ்திரி. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த பையை ஊசியிலேயே விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினாள். நானும் கத்தரியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பையனின் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டு, பிடியை விட்டார். அது துணி மாதிரி தொப்பென்று விழுந்தது.

"தாய்ப்பால் மட்டும்தானா? நீங்க என்னம்மா சாப்பிடறீங்க?"

யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. கீரையில் தொடங்கி பருப்பு, கொட்டை, பழம் என்று மூச்சு விடாமல் அடுக்கினாள். எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. அதற்கு ஈடுகட்டத்தான் நாங்கள் அவள் தட்டில் கீரையை மலையாகக் குவித்தோம். டாக்டரம்மா குறுக்கிட்டார்.

"பால், தயிர்?"

ரேடியோ நின்றது. மசக்கையில் பால் வாடை குமட்டியதால் விட்டவள், அப்புறம் தொடவே இல்லை. சில மாதமாகப் பாதம் மரத்துப்போவதைக்கூட மெஷின் மிதிக்கிறதால் என்று நினைத்திருந்தாள்.

"கீரையில எவ்வளவோ சத்து இருக்கு. ஆனா பி12 வைட்டமின் கிடையாது. அது குறைஞ்சா நரம்பு பலவீனமாகும், பாதம் மரத்துப்போகும், பிள்ளை இப்படித் துவண்டுடும். அது கறி, மீன், முட்டை, பால்லதான் வரும். எதுவுமே இல்லன்னா மாத்திரையா எடுத்துக்கணும். முதல்ல ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்திடலாம்."

"அப்போ என் பாலே தப்பா, டாக்டர்?" அவள் குரல் உடைந்தது.

"பால் தப்பில்லம்மா, அதை நிறுத்தவே நிறுத்தாதீங்க. உங்க உடம்புல இல்லாததை அது எங்கேருந்து கொண்டு வரும்?"

சோதனையில் இருவருக்குமே பி12 அடிமட்டத்தில் இருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஊசி போட்டார்கள். அவள் தொடர்ந்து மாத்திரையும் சாப்பிட வேண்டும் என்றார்கள். பிள்ளை முழுசாகத் தேறுவானா என்று கேட்டாள். சீக்கிரம் கொண்டுவந்தது நல்லது, நம்பிக்கையோடு பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவள் பேசவே இல்லை. தைப்பாள், கூடையைப் பார்ப்பாள், மறுபடி தைப்பாள். அவள் பேச்சுக்கு நான் அப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, நூல்கண்டு எடுக்க அவள் எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். கூடையிலிருந்து வீறிட்டு ஒரு அழுகை கிளம்பியது. சிணுங்கல் இல்லை, பட்டறைக் கூரையே பறக்கிற அழுகை. கைகால் உதறி, முகம் சிவந்து, அம்மா போன திசையிலேயே கண்ணை வைத்துக் கத்தினான்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் கூடையைச் சுற்றிக் கூடிவிட்டோம். நான் குனிந்து தூக்கப் போனேன்.

"தூக்காதீங்க அண்ணி," என்றாள் அவள், நூல்கண்டை மார்போடு அணைத்தபடி. கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது, வாய் கொள்ளாத சிரிப்பு. "நான் போனது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் அழட்டும்."